சும்மா இருப்பது என்றால் என்ன?

தமிழில் ‘சும்மா’ என்ற சொல் செய்யாத வேலை இல்லை. “என்ன இந்தப் பக்கம்?” என்று கேட்டால் “சும்மாதான்” என்கிறோம். காசு வாங்காமல் கொடுத்தால் அது சும்மா கொடுத்தது. படித்து முடித்த பையனுக்கு வேலை கிடைக்கவில்லையென்றால் “வீட்டில் சும்மா இருக்கிறான்”. தொணதொணக்கும் குழந்தையைச் “சும்மா இரு” என்று அதட்டுகிறோம். இதே சொல்லைத்தான் முருகன் அருணகிரிநாதருக்கு உபதேசமாகச் சொன்னான் என்கிறது நம் மரபு. வேதம் முழுவதும் சொல்லவருவது இந்தச் சும்மா இருக்கும் சுகத்தைத்தான் என்று தாயுமானவர் பாடுகிறார்.

தினமும் வாயில் புழங்கும் சொல் என்பதால் எல்லாருக்கும் அது புரிந்துவிட்டது போலத் தோன்றுகிறது. சூரிய உதயப் படத்தின் மேல் ‘சும்மா இருப்பதே சுகம்’ என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சோம்பலுக்கு இது நல்ல சாக்கு என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர், மனத்தில் ஓர் எண்ணம்கூட இல்லாமல் துடைத்துவைப்பதுதான் இது என்று நம்பி, ஒருநாள் காலையில் கண்ணை மூடி உட்காருகிறார்கள். பத்து நிமிடத்தில் நூறு எண்ணம் வருகிறது. “நமக்கெல்லாம் இது வராது” என்று எழுந்துவிடுகிறார்கள். அப்படி எழுந்துபோனவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்களுக்கு வராத ஒன்று இல்லை இது. ஏற்கெனவே பலமுறை வந்து போயிருக்கிறது, அவர்கள் அதை அடையாளம் காணவில்லை, அவ்வளவுதான்.

## பால் காயும் நேரம்

எங்கள் வீட்டில் விடிகாலை ஐந்து மணிக்கு அம்மா பால் காய்ச்சுவார். பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, மேடைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நிற்பார். வேறு எதுவும் செய்ய மாட்டார். அந்த நேரத்தில் காய் நறுக்கலாம், பாத்திரம் கழுவலாம். செய்ய மாட்டார். பாலின் மேல் மெல்லிய ஆடை படியும். ஓரத்தில் அது சுருங்கும். சின்னச் சின்ன நுரை முத்துகள் பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றி வரிசைகட்டும். அம்மாவின் பார்வை அங்கேயே இருக்கும். சிறுவனாக இருந்தபோது ஒருமுறை கேட்டேன், “என்னம்மா யோசிக்கிற?” “ஒண்ணும் யோசிக்கல. சும்மா நிக்கிறேன்” என்றார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அம்மா அப்போது தூங்கவில்லை. கனவும் காணவில்லை. பால் ஏறத் தொடங்கிய கணத்தில் கை தானாகப் போய் அடுப்பைக் குறைத்துவிடும். பால் பொங்கி வழிந்து நான் பார்த்ததே இல்லை. அவரிடம் முழு விழிப்பு இருந்தது, அலைச்சல் மட்டும் இல்லை.

இப்படிப்பட்ட நேரங்கள் எல்லார் வாழ்விலும் இருக்கின்றன. இரவு ஒன்பது மணிக்குச் சட்டென்று கரண்ட் போகிறது. மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, எங்கோ ஓடிக்கொண்டிருந்த மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடுகின்றன. இவ்வளவு நேரம் எத்தனை இரைச்சலில் இருந்தோம் என்பதே அப்போதுதான் தெரிகிறது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்காருகிற மாதிரி இருக்கும். மூன்று விநாடி, நான்கு விநாடி. அப்புறம் போனைத் தேடி டார்ச்சைப் போட்டு, “நமக்கு மட்டுமா, தெருவுக்கே இல்லையா” என்று ஜன்னல் பக்கம் போகிறோம். அந்த நான்கு விநாடியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கோயிலில் சாமி கும்பிட்டு, பிராகாரம் சுற்றி, கொடிமரத்துக்கு அருகில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதுவும் இதே வகைதான். கேட்பதையெல்லாம் கேட்டு முடித்தாகிவிட்டது. இனிச் சொல்ல ஒன்றுமில்லை. கல்தரையின் குளிர்ச்சி, எண்ணெயும் பூவும் கலந்த வாசனை, மண்டபத்துக்குள் படபடக்கும் புறா. அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் வரிசையில் நின்றோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆக, சும்மா இருப்பது என்பது விழித்திருந்தும் அலையாமல் இருப்பது. இதை முதல் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். இனி இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

## ‘சொல் அற’

அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர், திருவண்ணாமலைக்காரர். வாழ்க்கை வெறுத்துக் கோபுரத்தின் மேலேறி விழுந்தபோது முருகன் தாங்கிக்கொண்டான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கந்தர் அனுபூதியில் அவரே தமக்குக் கிடைத்த உபதேசத்தைச் சொல்கிறார்: “சும்மா இரு சொல் அற என்றலுமே, அம்மா பொருள் ஒன்றும் அறிந்திலனே.”

பலரும் ‘சும்மா இரு’ என்ற முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு, ‘சொல் அற’ என்பதை விட்டுவிடுகிறார்கள். உபதேசத்தின் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது. சொல் அற்றுப்போகும்படி இரு என்கிறான் முருகன். எந்தச் சொல்? வாயை மூடிக்கொண்டால் போதுமென்றால், காய்ச்சலில் படுத்திருப்பவர்கூட நாள் முழுக்கச் சும்மா இருப்பவர் ஆகிவிடுவார். இங்கே சொல் என்பது உள்ளே ஓடும் பேச்சு. ‘அவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது’, ‘நாளைக்கு ஃபீஸ் கட்டணும்’, ‘நான் அன்னைக்கே சொன்னேன்ல’ என்று ஒருவரும் கேட்காமலே நமக்குள் ஒரு குரல் பேசிக்கொண்டே இருக்கிறதே, அது. அந்த உட்பேச்சு தணிவதற்கு மௌனம் என்று பெயர். வாய்ப்பேச்சை நிறுத்துவது அதற்கு உதவலாம், அதுவே மௌனம் ஆகிவிடாது. மௌன விரதம் இருந்துகொண்டு காகிதத்தில் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டுபவரின் உள்ளே இரைச்சல் அப்படியேதான் இருக்கும்.

## ஓர் எண்ணம் பத்து எண்ணம் ஆகும் விதம்

பால் காய்ந்துகொண்டிருக்கிறது. ‘சிலிண்டர் தீரப் போகுது போல, பதிவு பண்ணணும்’ என்று ஓர் எண்ணம் வருகிறது. இதில் ஒரு தப்பும் இல்லை. தேவையான எண்ணம், வந்தது, அதன் வேலை முடிந்தது. ஆனால் அடுத்து ஒன்று ஒட்டிக்கொள்கிறது: ‘எல்லாத்தையும் நான்தான் பார்க்க வேண்டியிருக்கு.’ அது போய், ‘போன மாசமும் நான்தான் ஞாபகம் வைத்துச் செய்தேன்’, ‘இந்த வீட்டில் யாருக்காவது என்னைப் பற்றி அக்கறை இருக்கா’, ‘அன்னைக்கு அவங்க அம்மா சொன்ன மாதிரி...’ என்று இரண்டே நிமிடத்தில், பத்து வருடத்துக்கு முன்னால் நடந்த ஒரு கல்யாணத்தில் போய் நிற்கிறோம். எதிரே பால் பொங்கி வழிகிறது.

தொடங்கிவைத்தது சிலிண்டர். ஆனால் வண்டியை இழுத்துக்கொண்டு போனது ‘நான்’. ஒவ்வொரு எண்ணத்தோடும் இந்த ‘நான்’ ஒட்டும்போதுதான் அடுத்தது பிறக்கிறது. ஒட்டாதபோது எண்ணம் வருகிறது, போகிறது, அதோடு சரி.

ரமண மகரிஷி இதைத்தான் எளிமையாகச் சொன்னார். 1896இல், பதினாறு வயதில், மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்தவர். ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலும் பேசாமல் இருந்தார். அப்போது சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் பின்னால் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக வந்தன. நினைவுகளை எல்லாம் நீக்கிவிட்டுப் பார்த்தால் மனம் என்று தனியாக ஒரு பொருள் இல்லை என்கிறது அந்த நூல். அந்த நினைவுகளுக்குள்ளும் ‘நான்’ என்னும் நினைவுதான் முதலில் எழுகிறது, மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான் என்கிறது. சைவ சித்தாந்தத்தில் இந்த ‘நான் செய்கிறேன், என்னால் நடக்கிறது’ என்ற முனைப்புக்குத் தற்போதம் என்று பெயர். இந்தக் கட்டுரையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சொல் இது ஒன்றுதான்.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை நினைத்துப் பாருங்கள். தெருவில் சைக்கிள் போகிறது, காய்கறி வண்டி போகிறது, சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பேர் போகிறார்கள். அவர் எல்லாவற்றையும் பார்க்கிறார். யாருடனும் எழுந்து போவதில்லை. தெருவைக் காலி செய்துவிட்டுத்தான் திண்ணையில் உட்காருவேன் என்று அவர் சொன்னதும் இல்லை. தியானத்தில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டவர் கேட்டது அதைத்தான். தெரு காலியாக வேண்டும் என்று நினைத்தார். அது நடக்கவில்லை என்றதும் தமக்குத் திண்ணையே கிடையாது என்று முடிவுகட்டிவிட்டார்.

ஆக, எண்ணம் வருவது தடை இல்லை. அதோடு ‘நான்’ எழுந்து போவதுதான் அலைச்சல். சும்மா இருத்தல் என்பது தற்போதம் தணிந்து இருப்பது.

## தேத்தாங்கொட்டை

சரி, ‘நான்’ எழுந்து போகாமல் இருக்க என்ன செய்வது? “போகாதே” என்று அதை அதட்டினால், அதட்டுவதும் அதே ‘நான்’தான். திருடனே காவல்காரன் வேடம் போட்டுக்கொண்டு திருடனைத் தேடுகிற கதையாகிவிடும்.

குளத்துத் தண்ணீரைக் குடித்த காலத்தில் வீடுகளில் தேத்தாங்கொட்டை இருக்கும். தேற்றா மரத்தின் விதை அது. தண்ணீர் கலங்கலாக வந்தால், மண்பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை நன்றாக உரைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி, அசைக்காமல் மூடிவைப்பார்கள். சில மணி நேரத்தில் சேறெல்லாம் அடியில் படிந்துவிடும். மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். உரைத்த கொட்டையின் பொடியும் சேற்றோடு சேர்ந்து அடியில் போய்விடும், தண்ணீரில் தங்குவதில்லை. கையால் அள்ளிச் சேற்றை எடுக்கப் பார்த்தால் இன்னும் கலங்கும் என்பது பானை வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும்.

நம் பெரியவர்கள் கொடுத்த திருநாமமும், மூச்சைக் கவனிப்பதும் இந்தக் கொட்டையைப் போன்றவை. ‘நமசிவாய’ என்றோ, ‘முருகா’ என்றோ, ‘இயேசுவே’ என்றோ ஒரு பெயரை மெல்ல உள்ளே சொல்லிக்கொண்டிருந்தால், ஓடும் பேச்சுக்கு நடுவே பிடித்துக்கொள்ள ஒன்று கிடைக்கிறது. ‘நான் யார்?’ நூலில் ரமணர் இதற்கு யானையைச் சொல்கிறார். துதிக்கை எப்போதும் எதையாவது துழாவிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு சங்கிலியைக் கொடுத்துவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு நடக்கும், வேறொன்றையும் பற்றாது. கடைத்தெருவில் யானை வரும்போது வாழைத்தாருக்குக் கை நீட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

பெயர் தேய்ந்து தேய்ந்து ஒரு கட்டத்தில் அதுவும் அடங்கும். அடங்கட்டும். எண்ணிக்கை குறைகிறதே என்று அங்கே பதற வேண்டாம். கொட்டைப் பொடி அடியில் படிகிறது என்று அர்த்தம்.

## தூக்கமா, தெளிவா

இங்கே ஒரு குழப்பம் வரும். மனம் அடங்கிய மாதிரி இருக்கிறது, ஆனால் விழிப்பும் சேர்ந்து மங்கிவிடுகிறது. இப்படி மனம் கொஞ்ச நேரம் ஒடுங்கிக் கிடப்பதற்கு மனோலயம் என்று பெயர். தூக்கத்தில் தினமும் நமக்கு நடப்பது அதுதான். தப்பில்லை, உடம்புக்கு நல்லதும்கூட. ஆனால் அதிலிருந்து எழுந்ததும் பழைய பேச்சு விட்ட இடத்திலிருந்தே தொடங்கிவிடும்.

இதை விளக்க ரமணர் ஒரு கதை சொல்வதுண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி. தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொண்டுவா என்று சீடனிடம் சொல்லிவிட்டு அப்படியே சமாதியில் ஆழ்ந்துவிட்டார். ஆண்டுக்கணக்கில், தலைமுறைக்கணக்கில் காலம் போய்விட்டது. ஒருநாள் கண் விழித்தார். விழித்ததும் அவர் வாயில் வந்த முதல் சொல் “தண்ணீர்!” அத்தனை காலமும் அந்த ஒரு விருப்பம் உள்ளேயே பதுங்கிக் கிடந்திருக்கிறது, வெயிலில் காய்ந்த புல்லின் வேர் மழைக்குக் காத்திருப்பது போல.

அதனால் எவ்வளவு நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தோம் என்பது பெரிய கணக்கு இல்லை. பால் ஏறியது தெரிந்ததா என்பதுதான் கேள்வி.

## கடவுள் இதில் எங்கே வருகிறார்

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, “இது மன அமைதிக்கு ஒரு வழி, சரி. கடவுள் எங்கே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மனம் அமைதியானால் கடவுள் வெளியிலிருந்து உள்ளே வருவார் என்று நினைக்கும்போதுதான் பெரிய ஏமாற்றம் நேர்கிறது. ஒளி தெரியும், மணியோசை கேட்கும் என்று காத்திருந்து, ஒன்றும் நடக்கவில்லையே என்று மனம் சோர்ந்துபோனவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சோர்வு அவர்களுக்குத் தேவையே இல்லாதது.

கச்சேரிக்குப் போனால் மேடையின் பின்புறம் தம்பூரா மீட்டுபவர் உட்கார்ந்திருப்பார். பாட்டு நடக்கும்போது ராகம் கேட்கிறது, வயலின் கேட்கிறது, மிருதங்கம் கேட்கிறது. சுருதி தனியாகக் காதில் விழுவதில்லை. பாடகர் ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு மூச்சு எடுக்கும் இடைவெளியில் திடீரென்று கேட்கிறது. அது அப்போது தொடங்கியதா? இல்லை. பாட்டு முழுவதும் இருந்தது. அது இருந்ததால்தான் பாட்டே பாட்டாக நின்றது. நம் காது பாட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

இந்த உவமையைத் தாண்டி உண்மையில் என்ன நடக்கிறது என்பதை, 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய, சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் 11ஆம் சூத்திரம் சொல்கிறது. கண் பார்க்கிறது என்கிறோம். ஆனால் மனம் வேறெங்கோ இருந்தால், எதிரே நிற்பவரைக்கூடத் திறந்த கண் பார்ப்பதில்லை. “உன்னைத்தான் கூப்பிடுறேன், பார்த்துக்கிட்டே நிக்கிற” என்று திட்டு வாங்கியிருப்போம். அதாவது கண் தானாகக் காண்பதில்லை. உயிர் அதோடு கூடி நின்று காட்டுவதால்தான் காண்கிறது. அதே மாதிரி, உயிரும் தானாக ஒன்றை அறிவதில்லை. இறைவன் அதோடு உடன்நின்று, தானும் கண்டு, அதற்கும் காட்டுவதால்தான் அறிகிறது. இதுதான் சூத்திரத்தின் சாரம். அந்த உதவியை உணர்ந்த உயிர் மறவாத அன்பினால் அவன் திருவடியைச் சேரும் என்று அது முடிகிறது.

இதை நான் முதலில் படித்தபோது வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அந்தப் பார்வைக்குள்ளேயே அவன் இருக்கிறான் என்றால், எத்தனை ஆயிரம் காலைகளில் அவனோடு நின்றுவிட்டு அவனை எங்கெங்கோ தேடியிருக்கிறோம்! நாம் அலையும்போது பார்க்கப்படும் பொருள்மேலேயே கவனம் இருக்கிறது. அலைச்சல் தணியும்போது, பார்வைக்குள் இருக்கும் துணை மெல்லத் தெரியவருகிறது. ‘இருக்கிறார்’ என்ற உணர்வு மட்டும், வடிவமோ சத்தமோ இல்லாமல். வீட்டில் வேறொரு அறையில் நமக்கு வேண்டியவர் இருக்கும்போது, அவர் பேசாவிட்டாலும் வீடு காலியாக இல்லை என்று தெரியுமே, அதற்குப் பக்கத்தில் வரும் ஓர் உணர்வு.

நம் கோயில்களில் தெற்குப் பார்த்து, கல்லால மரத்தடியில் அமர்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தி வாயே திறக்காமல் பாடம் சொல்கிறார். “இருந்ததனை இருந்தபடி இருந்து காட்டி” என்று திருவிளையாடற் புராணம் அதைப் பாடுகிறது. அந்த வரியில் செய்தான், கொடுத்தான் என்று எதுவுமே இல்லை. இருந்தது, இருந்தபடி, இருந்து. இருப்பதை இருந்துதான் காட்ட முடியும்.

விவிலியத்திலும் இதற்கு நெருக்கமான ஒரு வசனம் உண்டு. ரமணரே அடிக்கடி எடுத்துச் சொன்னது அது: “நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்.” 46ஆம் சங்கீதம். அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து படித்தால்தான் இதன் பலம் தெரியும். பூமி நிலைமாறுகிறது, கடல் கொந்தளிக்கிறது, தேசங்கள் கொந்தளிக்கின்றன, ராஜ்யங்கள் தத்தளிக்கின்றன. அத்தனைக்கும் நடுவில் ‘அமர்ந்திரு’ என்கிறது. மூல எபிரேயத்தில் அந்த வினைச்சொல்லுக்குத் தளரவிடு, பிடியை விடு என்ற பொருள் உண்டு. இறுக்கிப் பிடித்திருக்கும் கையைத் தளர்த்தச் சொல்கிறது. தற்போதம் தணிவது என்று சித்தாந்தம் சொல்வதற்கு இது தூரத்து ஊர் இல்லை.

உயிரும் இறைவனும் கடைசியில் ஒன்றா, பிரியாத இரண்டா என்பதில் ரமணர் வழிக்கும் சித்தாந்தத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் வேறுபாடு இருக்கிறது. அது சாதாரண வேறுபாடும் இல்லை. ஆனால் இப்போதுதான் உட்கார்ந்து பழகுகிறவர் அந்த வழக்கைத் தீர்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்றில்லை.

ஆக, அமைதி கடவுளை வரவழைப்பதில்லை. அவர் உடன் இருப்பது முன்பே நடந்துகொண்டிருப்பது. பேச்சு தணியும்போது அது தெரியவருகிறது.

## வேலையை விட்டுவிட வேண்டுமா

வேண்டாம். சோம்பல் என்ற குற்றச்சாட்டு இந்தச் சொல்லுக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு, இதைச் சொன்னவர்களின் வாழ்க்கையே போதும். தாயுமானவர் திருச்சிராப்பள்ளியில் நாயக்கர் அரண்மனையில் கணக்கு வேலை பார்த்தவர் என்று அவர் வரலாறு சொல்கிறது. வரவு, செலவு, ஓலை, வசூல் என்று நாள் முழுக்க எண்களோடு இருந்தவருக்குத்தான் அவருடைய குருவான மௌனகுரு ‘சும்மா இரு’ என்றார். அது எவ்வளவு கடினம் என்றும் அவரே பாடிவைத்திருக்கிறார். மத யானையை வசமாக நடத்தலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், தண்ணீர் மேல் நடக்கலாம், நெருப்பின் மேல் இருக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், “சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது” என்கிறார். சோம்பேறிகளால் செய்யக்கூடியது என்றால் இந்தப் பட்டியலுக்குக் கடைசியில் அதை ஏன் வைக்கப் போகிறார்?

ரமணர் பல ஆண்டுகள் விடியுமுன் ஆசிரமச் சமையலறைக்கு வந்து காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். தரையில் சிந்திக் கிடக்கும் அரிசி மணியைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவைப்பார். சும்மா இருத்தலைப் பற்றி அவ்வளவு சொன்னவரின் கை சும்மா இருந்ததில்லை.

‘நான் யார்?’ நூலில் இதற்கும் ஓர் உவமை உண்டு. புகைவண்டி எல்லாச் சுமையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதில் ஏறி உட்கார்ந்தவர் தம் சின்ன மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சுகமாக இருக்கலாம். ஏன் தலையில் வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டும்? மூட்டையைத் தூக்கி வெளியே எறியச் சொல்லவில்லை. மூட்டையும் ஊர் போய்ச் சேரும், அவரும் போய்ச் சேருவார், வண்டியும் நிற்காது. தலைச்சுமை மட்டும் இறங்குகிறது. பிள்ளையின் படிப்பு, கடன், பெற்றோரின் உடல்நிலை எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். அதையெல்லாம் ‘என்னால்தான் உலகம் ஓடுகிறது’ என்ற இறுக்கத்தோடு பார்க்கிறோமா, அது இல்லாமல் பார்க்கிறோமா என்பதில்தான் வித்தியாசம். இப்படி வேலை செய்வதைச் சித்தாந்தம் இறைபணி நிற்றல் என்கிறது.

## எங்கே தொடங்குவது

புதிதாக நேரம் ஒதுக்க வேண்டாம் என்பேன். ஏற்கெனவே இருக்கும் இடைவெளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பால் காயும் நேரம், கோலம் போட்டு முடித்து எழுந்து நிற்கும் நேரம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், கோயிலில் உட்காரும் அந்த ஐந்து நிமிடம். அதில் போனை எடுக்காமல் இருப்பது ஒன்றே முதல் வேலை. இப்போதெல்லாம் நம் இடைவெளிகளை எல்லாம் அதுதான் தின்றுவிடுகிறது. தம்பூரா கேட்கக்கூடிய ஒவ்வொரு மூச்சு இடைவெளியிலும் ஒரு ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைக் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொல்கிறேன்.

அப்புறம் எதிரே இருப்பதைப் பாருங்கள். எண்ணம் வந்தால் வரட்டும். அதோடு எழுந்து போய்விட்டது தெரிந்தால், தெரிந்த அந்தக் கணமே திண்ணைக்குத் திரும்பி வந்துவிட்டதாகத்தான் கணக்கு. “இன்னைக்கும் போயிட்டேனே” என்று நொந்துகொள்வது இன்னொரு பயணம். வேண்டுமானால் ஒரு பெயரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருந்ததா என்று பிறகு மதிப்பெண் போடாதீர்கள்.

சிலருக்கு அமைதியானதும் அடக்கிவைத்த துக்கம் மேலே வரும். அழுகை வந்தால் அழலாம். அது தெளிவதன் ஒரு பகுதி. ஆனால் உட்காரும்போதெல்லாம் பயமோ, வாழவே பிடிக்காத நினைப்போ அழுத்தினால், தனியாக உட்காருவதை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவும் தலைமூட்டையை இறக்கிவைப்பதுதான்.

நடுவில் குழந்தை கூப்பிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. எழுந்து போங்கள். கூப்பிடும் குரல் காதில் விழுந்தது இல்லையா, அதுவும் அவன் காட்டியதுதான்.

அம்மாவால் இப்போது நின்று பால் காய்ச்ச முடிவதில்லை. முழங்கால் வலி. நான் காய்ச்சுகிறேன், போனைக் கூடத்திலேயே வைத்துவிட்டு வந்து. அவர் எனக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. தெருவில் முதல் சைக்கிள் மணி கேட்கும். ஆடை ஓரத்தில் சுருங்கும். நுரை முத்துகள் வரிசைகட்டும். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பாத்திரத்தின் உள்ளே தெரியாது. ஆனாலும் பால் ஏறும் கணத்தில் பின்னாலிருந்து குரல் வரும்: “குறைச்சிடுப்பா.”